கயிறு தெரியும் பொம்மலாட்டம்: ‘தி கேபின் இன் த வுட்ஸ்’ நல்ல திகில் படமா?

ஒரு வாசகரின் கேள்வி, அக்டோபர் 3

‘தி கேபின் இன் த வுட்ஸ்’ படத்தைப் பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று நேற்றுப் பார்த்தேன். எனக்கு ஓரிடத்தில்கூடப் பயம் வரவில்லை. திகில் படங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பது தனக்குத் தெரியும் என்று அந்தப் படம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தெரிந்திருந்தால் மட்டும் போதுமா? பயமுறுத்தாத ஒன்றைத் திகில் படம் என்று எப்படி ஏற்பது?

அக்டோபர் 3, இரவு

இதே மனக்குறையைப் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருப்பவன் நான்; எனவே உங்கள் பக்கம் நின்றே தொடங்குகிறேன். 2012இல் படம் வெளியானபோது நண்பர்கள் மூவருடன் பார்த்தேன். ட்ரூ காடார்ட் இயக்கிய முதல் படம் அது. திரைக்கதையை அவரும் ஜாஸ் வீடனும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். காட்டுக்குள் தனித்து நிற்கும் மரவீடு, விடுமுறையைக் கழிக்க வரும் ஐந்து கல்லூரி மாணவர்கள், நிலவறையில் கிடைக்கும் பழைய நாட்குறிப்பு, அதிலுள்ள லத்தீன் வரிகளை ஒருத்தி உரக்க வாசித்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் பிணங்கள் என்று எல்லாமே நாம் பலமுறை பார்த்தவைதாம். வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், அந்த வீட்டுக்கு அடியில் ஓர் அலுவலகம் இயங்குகிறது. அங்கே கழுத்தில் டை கட்டிய ஆட்கள் வரிசையான திரைகளின் முன் அமர்ந்து, மேலே விழப்போகும் ஒவ்வொரு சாவையும் திட்டமிட்டு நடத்துகிறார்கள். மண்ணுக்கடியில் உறங்கும் பழைய தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும் பலி அது என்பது பிறகு தெரியவருகிறது.

அன்று நாங்கள் நால்வரும் படம் முழுக்கச் சிரித்தோம். வெளியே வந்த பிறகு எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். பார்ப்பவரை அரண்டவராக்குவதுதான் திகில் படத்தின் தொழில். இந்தப் படமோ பாதி வழியில் விளக்கைப் போட்டு, பேய் நிற்கும் இடம், அதை அனுப்பியவர், அனுப்பியதற்கான காரணம் ஆகிய அனைத்தையும் காட்டிவிடுகிறது. அதன் பிறகு இருட்டில் எது அசைந்தாலும் கயிற்றைப் பிடித்திருப்பவர் யாரென்று நமக்குத் தெரியும். கயிறு தெரிந்த பிறகு பொம்மையைப் பார்த்து யார் நடுங்குவார்கள்?

அக்டோபர் 4

ஒரு சேர்க்கை. படம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கூர்மையான எழுத்து, தேர்ந்த நடிப்பு, அலுப்பில்லாத ஓட்டம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. திகில் படமாக அது தோற்கிறது என்பது மட்டுமே என் வாதம்.

அக்டோபர் 6

நேற்றிரவு தனியாக, காதில் ஹெட்ஃபோனுடன் மறுபடி பார்த்தேன். முதல் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே எழுதுவது சரியாகாது.

படம் பாதி வழியில் விளக்கைப் போடுவதாக எழுதியிருந்தேன். அது உண்மையல்ல. படம் தொடங்குவதே அந்த அலுவலகத்தில்தான். அலுவலக ஆட்களாக நடிக்கும் ரிச்சர்ட் ஜென்கின்ஸும் பிராட்லி விட்ஃபோர்டும் காபி எந்திரத்தின் அருகே நின்று வீட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கருவே உண்டாகாத குழந்தைக்காகத் தன் மனைவி அலமாரிகளுக்கெல்லாம் குழந்தைப் பாதுகாப்புத் தாழ் மாட்டிவிட்டதாக ஒருவர் குறைப்படுகிறார். இருவரும் ஒரு சிறு வண்டியில் ஏறி நீண்ட நடைவழியில் போகிறார்கள். அந்தச் சலிப்பான பேச்சின் நடுவே திடீரென்று ஓர் அலறலுடன் படத்தின் பெயர் சிவப்பில் திரையை அடைத்துக்கொள்கிறது. மாணவர்களை நாம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். இத்தனை ஆண்டுகளாகப் பெரிய திருப்பம் என்று நான் நினைவில் வைத்திருந்தது, படம் முதல் நிமிடத்திலேயே நம் கையில் கொடுத்துவிட்ட செய்தி.

நினைவு ஏன் இப்படிப் பிசகியது என்று யோசித்தேன். திகில் படம் என்றால் மறைத்து வைத்த ஒன்றைப் பிறகு வெளிப்படுத்தும் என்ற பழக்கம் எனக்குள் அவ்வளவு ஊறியிருந்ததால், மறைக்கவே மறைக்காத ஒரு படத்தையும் அந்த அச்சில் ஊற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே ரகசியத்தைக் கெடுத்துக்கொண்டது என்ற என் குற்றச்சாட்டு நிற்காது. ரகசியம் என்று ஒன்றை அது வைத்துக்கொள்ளவே இல்லை. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமலிருந்தால் அதுவே பதைபதைப்பு என்று ஹிட்ச்காக் விளக்கியதைப் பலரும் அறிவோம். காடார்ட் அதில் ஒரு நாற்காலியை மாற்றிப் போடுகிறார்: குண்டு வைத்தவர்களுக்குப் பக்கத்தில் நம்மை உட்கார வைக்கிறார்.

இன்னொன்றும் இம்முறை கண்ணில் பட்டது. திகில் படங்களில் பாத்திரங்கள் எடுக்கும் முட்டாள்தனமான முடிவுகளைக் கண்டு நாம் தலையில் அடித்துக்கொள்வது வழக்கம். இந்தப் படம் அந்த முட்டாள்தனத்துக்கு ஒரு தொழிற்சாலை கட்டியிருக்கிறது. ஜூல்ஸ் மருத்துவப் படிப்பை நோக்கிப் போகும் கெட்டிக்காரப் பெண். அவள் தலைமுடிக்கு அடித்த சாயத்தில் புத்தியை மந்தமாக்கும் மருந்தைக் கலந்துவிட்டிருக்கிறார்கள். கர்ட் எல்லாரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று மிகச் சரியாகச் சொல்கிறான்; உடனே கீழே ஒருவர் ஒரு விசையை அழுத்த, சுவரோரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி கசிய, அடுத்த நொடியே பிரிந்து போவோம் என்று அவனே மாற்றிச் சொல்கிறான். 2012இல் அந்த இடத்தில் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். நேற்று சிரிப்பு வரவில்லை. தன் வாயிலிருந்து வருவது தன் முடிவல்ல என்பதை அறியாமலே ஒருவன் அதைச் சொந்த முடிவாக நம்பிச் சொல்வதை அருகிலிருந்து கேட்டது போல இருந்தது.

அக்டோபர் 7

பலிக்குத் தேவைப்படும் வேசி, விளையாட்டு வீரன், அறிஞன், கோமாளி, கன்னி என்ற ஐந்து வேடங்களுக்கும் இந்த ஐவரில் ஒருவர்கூட உண்மையில் பொருந்துவதில்லை என்பதையும் நேற்றைய குறிப்பில் சேர்த்திருக்க வேண்டும். விளையாட்டு வீரனாக்கப்பட்ட கர்ட், சமூகவியல் படிப்பவன். டேனாவுக்கு என்ன புத்தகம் வாசிக்கலாம் என்று யோசனை சொல்பவன். கன்னியாக்கப்பட்ட டேனா தன் பேராசிரியருடன் உறவில் இருந்து காயப்பட்டவள். இதை அவளே இறுதியில் கேட்கும்போது, கிடைத்ததை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்கிறார். கோமாளி மார்ட்டிக்கு மட்டும் எந்த மருந்தும் ஏறவில்லை, காரணம் அவன் புகைக்கும் கஞ்சா. யாரோ நம்மை ஆட்டிவைக்கிறார்கள் என்று அவன் ஒருவன்தான் சொல்கிறான். கோமாளியின் பேச்சை யார் மதிப்பார்கள்?

அக்டோபர் 10

நான் கட்சி மாறிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை. தன்னை அறிந்த திகில் படம், அதாவது திகில் படங்களின் விதிகளைத் தெரிந்தே அவற்றோடு விளையாடும் படம், அந்த அறிவைக்கொண்டே பயமுறுத்த முடியும் என்பதற்கு வேறொரு படத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். அதோடு ஒப்பிட்டால் ‘கேபின்’ குறைந்து நிற்கிறது என்பதே இன்றும் என் எண்ணம்.

1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’, வெஸ் கிரேவன் இயக்கி, கெவின் வில்லியம்சன் எழுதியது. அதிலுள்ளவர்கள் எல்லாரும் திகில் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். வீடியோ கடையில் வேலை பார்க்கும் ராண்டி, இத்தகைய படங்களில் உயிர் தப்புவதற்கான விதிகளை விருந்துக்கு வந்தவர்களிடம் பாடமாகவே நடத்துகிறான். பின்னர் எல்லாரும் போய்விட்ட கூடத்தில் தனியாக சோபாவில் அமர்ந்து, ஜான் கார்ப்பென்டர் 1978இல் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார், பின்னால் திரும்பிப் பார் என்று தொலைக்காட்சிக்குள் இருக்கும் நாயகியிடம் கத்துகிறான். முகமூடிக் கொலைகாரன் அப்போது ராண்டியின் பின்னால்தான் நிற்கிறான். அந்தக் கூடத்தில் ஒளித்து வைத்த கேமராவின் காட்சி வெளியே நிற்கும் செய்திக்குழுவின் வேனுக்குப் போகிறது. வேனில் இருக்கும் ஒளிப்பதிவாளர் ராண்டியைப் பார்த்து அதே சொற்களைக் கத்துகிறார். நாமோ அவரைப் பார்த்துக் கத்துகிறோம். ஏனென்றால் வேனுக்கு வரும் காட்சி 30 விநாடி தாமதமாக வருவது. திரையில் கொலைகாரன் கூடத்தில் நிற்கிறான் என்றால், இந்நேரம் அவன் கூடத்தில் இல்லை. இது ஒளிப்பதிவாளருக்கு உறைக்கும்போது அவர் வேனின் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

பார்ப்பவனைப் பார்ப்பவனைப் பார்ப்பவர் என்று மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் தனக்குத் தெரியும் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையின் மேல்தான் கத்தி இறங்குகிறது. எனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்துபவரிடம், உனக்குத் தெரிந்தது 30 விநாடி பழையது என்று அந்தக் காட்சி சொல்கிறது. ‘கேபின்’ படத்தில் இதற்கு இணையான ஓரிடம் எனக்கு அகப்படவில்லை.

அக்டோபர் 11

30 விநாடித் தாமதம் பயமுறுத்துவதற்குத் திகில் படங்களைப் பற்றிய அறிவு எதுவும் தேவையில்லையே, அதைத் தன்னறிவின் வெற்றியாக எப்படிக் கணக்கில் எழுதலாம் என்று ஒருவர் மறுத்திருக்கிறார். நல்ல அடி. தாமதம் இயக்குநரின் கைத்திறமை. ராண்டி ‘ஹாலோவீன்’ பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே தன்னறிவு. இரண்டையும் ஒன்றாகப் பின்னியதால் இரண்டையும் ஒன்றென்று நான் குழப்பிக்கொண்டிருக்கலாம். இதை எப்படிச் சோதிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15

சோதிக்க வழி வீட்டிலேயே இருந்தது. என் தங்கை திகில் படங்களே பார்க்காதவள். கத்திக்காரன் துரத்தும் படங்களின் விதிகளோ, கடைசியாகத் தப்பிக்கும் பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்ற வழக்கமோ, தனித்த மரவீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதோ அவளுக்குத் தெரியாது. எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் நேற்று அவளுடன் ‘கேபின்’ பார்த்தேன். திரையைவிட அவள் முகத்தையே அதிகம் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் சிரித்த இடங்களில் அவள் சிரிக்கவில்லை. எந்த அரக்கனை மாணவர்கள் தூண்டிவிடுவார்கள் என்று அலுவலகத்தின் ஒவ்வொரு பிரிவும் பந்தயம் கட்டுகிறதே, அந்த வெள்ளைப்பலகையில் எழுதியிருக்கும் நீண்ட பட்டியல் அவளுக்கு வெறும் பட்டியல். வழியிலுள்ள எரிபொருள் நிலையத்துக் கிழவன் அலுவலகத்தாரிடம் தொலைபேசியில் ஊழிக்கால எச்சரிக்கை விடுத்துக்கொண்டிருக்கும்போதே தன்னை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களா என்று சந்தேகப்படும் இடத்தில் மட்டும் சிரித்தாள். அதற்குத் திகில் பட அறிவு தேவையில்லை, அலுவலகத் தொலைபேசியைப் பற்றிய அறிவு போதும்.

ஆனால் பயந்தாள். கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் நடித்த கர்ட், உதவியுடன் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பள்ளத்தைத் தாண்டும்போது, நடுவானில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பில் மோதி விழுகிறானே, அப்போது என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். தொடக்கத்தில் ஒரு பறவை அதே தடுப்பில் மோதிப் பொசுங்குவதை அவளும் பார்த்திருந்தாள். பார்த்ததை மறந்து அவன் தாண்டிவிடுவான் என்று நம்பியிருக்கிறாள். (இந்த இடத்துக்குக் காலமும் கைகொடுத்திருக்கிறது. படம் 2009இல் எடுக்கப்பட்டு, எம்ஜிஎம் நிறுவனத்தின் பண நெருக்கடியால் கிடப்பில் கிடந்து 2012இல்தான் வெளியானது. இடையில் 2011இல் ‘தோர்’ வந்து ஹெம்ஸ்வொர்த் பெரிய நட்சத்திரமாகிவிட்டார். இவன் சாக மாட்டான் என்று திரையரங்கில் நாங்களும் நம்பினோம்.)

இன்னொரு இடத்தில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். இதே பலி வேறு நாடுகளிலும் நடக்கிறது; ஜப்பானின் கியோட்டோவில் ஒரு வகுப்பறைச் சிறுமிகள் பேயை எதிர்கொண்டு, வட்டமாக நின்று பாடி, அந்த ஆவியை ஒரு தவளைக்குள் அமைதிப்படுத்திவிடுகிறார்கள். தங்கை மகிழ்ந்து கைதட்டினாள். அதே நொடியில் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அலுவலக மனிதர், அந்தக் குழந்தைகள் சாகாததற்காக அவர்களைப் பார்த்து வசைமாரி பொழிகிறார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகள் பிழைத்ததற்கு இவருக்கு என்ன கோபம் என்று என்னிடம் கேட்டாள். பலியின் கணக்கு அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

ஆக, 11ஆம் தேதிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது: இந்தப் படத்தின் நகைச்சுவைக்குத்தான் முன்னறிவு வேண்டும், பயத்துக்கு வேண்டியதில்லை. 2012இல் நாங்கள் நால்வரும் விதிகளைத் தெரிந்தவர்களாகப் போய் உட்கார்ந்து, நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, பயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அக்டோபர் 19

படகுத்துறைக் காட்சியைப் பற்றி எழுதாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

காட்சி இதுதான். மாணவர்களில் நால்வர் செத்துவிட்டார்கள், பலி ஏறக்குறைய முடிந்தது என்று அலுவலகத்தில் கொண்டாட்டம் தொடங்குகிறது. உரக்கப் பாட்டு ஒலிக்கிறது, மது வருகிறது, கூடுதல் வேலைக்குப் பணம் உண்டா என்று ஒருவர் விசாரிக்கிறார். அவர்களுக்குப் பின்னால் சுவரை அடைத்து நிற்கும் திரைகளில், ஏரிக்கரைப் படகுத்துறையின் பலகைகளின் மேல் டேனாவை ஒரு பிணம் தூக்கித் தூக்கி எறிந்து அடித்துக்கொண்டிருக்கிறது. கன்னி சாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வதைபட்டால் போதும் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. ஒருவர் மட்டும் திரையைப் பார்த்து, இந்தப் பெண் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றே தன் மனம் விரும்புவதாகவும், அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் என்றும், அவள் பட்ட வலியை நினைத்தால் என்றும் உண்மையாகவே உருகிச் சொல்லத் தொடங்குகிறார். மது வந்து சேர்கிறது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

நான் இரண்டு ஆண்டுகள் ஒரு கண்காணிப்பு அறையில் இரவு வேலை பார்த்தவன். ஒரு சுவர் நிறையத் திரைகள்; வாகன நிறுத்துமிடம், படிக்கட்டு, நடைவழி, பின்வாசல் என்று ஆளில்லாத இடங்களின் அசையாத காட்சிகள். முதல் வாரத்தில் ஒரு பூனை கடந்தாலும் எழுந்து நிற்பேன். மூன்றாம் மாதத்தில் திரையில் வருபவர்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். இரவு இரண்டு மணிவாக்கில் பின்வாசலில் புகைபிடிக்க வரும் ஒருவர் இன்று எத்தனை மணிக்கு வருவார் என்று பந்தயம்கூடக் கட்டுவோம். நாங்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு காட்சியை ஒவ்வோர் இரவும் எட்டு மணி நேரம் பார்த்தால், அதில் இருப்பவர் ஆள் என்பது மறந்து காட்சி என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ஓர் இரவு, வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு விடைகொடுக்கச் சேர்ந்திருந்தோம். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. நடுவே தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, படிக்கட்டுத் திரையில் வயதான ஒருவர் கீழ்ப்படியில் கிடந்தார். ஓடினோம். கை முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. அறிக்கை எழுதுவதற்காக மறுநாள் பதிவைத் திருப்பிப் பார்த்தேன். அவர் விழுந்து ஒன்பது நிமிடம் கழித்துத்தான் நான் திரும்பியிருக்கிறேன். அந்த ஒன்பது நிமிடமும் அவர் ஒரு கையைத் தூக்கி, கேமரா இருக்கும் பக்கமாக அசைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நம்பியிருக்கிறார்.

2012இல் இந்தப் படத்தைப் பார்த்தபோது அந்த வேலையில் நான் சேர்ந்திருக்கவில்லை. இந்த மாதம் தனியாகப் பார்த்தபோது படகுத்துறைக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டேன். மீதியை அடுத்த நாள்தான் பார்க்க முடிந்தது. அடுத்த நாளே 6ஆம் தேதிக் குறிப்பை எழுதினேன், இதை மட்டும் விட்டுவிட்டு. ‘ஸ்க்ரீம்’ வேனுக்கு இணையான இடம் ‘கேபின்’ படத்தில் இல்லை என்று 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேனில் காட்சி தாமதமாக வருகிறது. இங்கே காட்சி நேரத்துக்கு வந்துவிடுகிறது, பார்க்க வேண்டியவர்கள்தாம் திரும்பவில்லை. இரண்டில் எது அதிகம் பயமுறுத்துகிறது என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன்.

அக்டோபர் 20

சொந்த அனுபவத்தை வைத்துப் படத்தை மதிப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானது. என் தங்கைக்கு அந்த அனுபவம் கிடையாது. அவளும் அந்தக் காட்சியில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 26

இனி குறைகள். படத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்பதற்காக அவற்றை மறைக்க முடியாது.

லிஃப்டுகள் திறந்து, அடைத்து வைத்த அரக்கர்கள் எல்லாரும் அலுவலகத்துக்குள் கொட்டப்படும் அந்தப் பெரும் பகுதியைத்தான் பலரும் படத்தின் உச்சம் என்கிறார்கள். முதல் சில நொடிகள் எனக்கும் மெய்சிலிர்த்தது. லிஃப்ட் மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, வெள்ளை நடைவழி சிவப்பாகிறது, கச்சிதம். அதன் பிறகு அது கண்காட்சியாகிவிடுகிறது. ஓநாய், பாம்பு, கோமாளி, பேய்ப்பெண் என்று ஒவ்வொன்றும் தலையைக் காட்டிவிட்டு நகர்கிறது. எதற்குப் பயப்படுவது என்று தேர்ந்தெடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் தங்கை தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். தன்னை அறிந்த படங்களுக்கு இது ஒரு நோய் என்று நினைக்கிறேன்: தெரிந்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. ஒரே ஒரு நாட்குறிப்பும் ஒரே ஒரு குடும்பத்துப் பிணங்களும் செய்த வேலையை நூறு அரக்கர்களால் செய்ய முடியவில்லை.

இரண்டாவது குறை பெரியது. மண்ணுக்கடியில் உறங்கும் தெய்வங்கள் நாம்தாம், அதாவது பார்வையாளர்கள்தாம் என்று படம் மிகத் தெளிவாகவே சுட்டுகிறது. ஜூல்ஸ் ஆடை களையும் காட்சியில், இதைப் பார்த்தாக வேண்டுமா என்று புதிதாக வந்த காவலர் கேட்கும்போது, பார்ப்பவர்கள் நாம் மட்டும் அல்லவே என்ற பொருளில் அவருக்குப் பதில் கிடைக்கிறது. வழக்கமான வரிசையில் வழக்கமான சாவுகள் கிடைக்காவிட்டால் அந்தத் தெய்வங்கள் எழுந்து உலகத்தை நொறுக்கிவிடும். கடைசியில் அலுவலகத் தலைவராக நடிகை சிகோர்னி வீவர் நேரில் வந்து இந்தச் சட்டத்தை விளக்கவும் செய்கிறார். 1979இல் ‘ஏலியன்’ படத்தில் கடைசி ஆளாகத் தப்பித்தவர், இங்கே கடைசி ஆளைச் சாகடிக்கச் சொல்பவராக வருவது அருமையான தேர்வு. ஆனால் குற்றச்சாட்டு சரியா? மைக்கேல் ஹானெக்கே 1997இல் எடுத்த ‘ஃபன்னி கேம்ஸ்’ படத்திலும், கொலைகாரன் நம் பக்கம் திரும்பிப் பேசி, நமக்கு மகிழ்ச்சி தந்த ஒரு திருப்பத்தை ரிமோட்டால் பின்னோக்கி ஓட்டி அழித்துவிடுவான். இரண்டு படங்களும் என்னை ரத்தம் கேட்பவன் என்கின்றன. நான் கேட்பது ரத்தம் அல்ல. இருட்டில் இன்னொருவருடன் சேர்ந்து பயந்து, விளக்கு வந்ததும் இருவரும் உயிரோடிருப்பதைப் பார்ப்பதற்காகவே நான் திகில் படங்களுக்குப் போகிறேன். கியோட்டோச் சிறுமிகள் பிழைத்தபோது கைதட்டிய என் தங்கையும் அந்தத் தெய்வங்களில் ஒருத்திதான் என்றால், படம் தன் பார்வையாளரைச் சரியாகப் பார்க்கவில்லை.

இதற்கு மறுமொழி படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. மரவீட்டின் ஓர் அறையில் சுவரில் மாட்டிய ஓவியத்துக்குப் பின்னால் ஒருவழிக் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியே டேனா உடை மாற்றத் தொடங்குவதைப் பார்க்கும் ஹோல்டன் (அறிஞனாக்கப்பட்டவன்), சிறிது தயங்கிவிட்டு, சுவரைத் தட்டி அவளை எச்சரித்து, தன் அறையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். பார்க்கக் கிடைத்தும் பார்க்காமல் விட முடியும் என்பதை இந்தக் கதையில் காட்டுபவன் அவன்தான். கடைசியில் உலகை நொறுக்க எழும் தெய்வத்தின் கைக்குப் பதிலாக இந்தத் தட்டலை நினைவூட்டி முடித்திருந்தால், இன்னும் நெருக்கமான படமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 27

ஒரு திருத்தம். ஹோல்டனைப் போலவே டேனாவும் மறுபக்கத்திலிருந்து அவனைப் பார்த்துத் தயங்கிவிட்டுத்தான் கண்ணாடியை மூடுகிறாள். ஆகவே அவனை மட்டும் உயர்த்தி எழுதியது பிழை. இருவருக்கும் ஆசை இருக்கிறது, இருவரும் மூடுகிறார்கள்.

நவம்பர் 2

கேள்வி கேட்ட நண்பருக்கு. உங்களுக்குப் பயம் வரவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் முதல் முறை வரவில்லை. நல்ல திகில் படமா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், ஆம் என்பேன். முதல் இரண்டு பங்குக்கு முழு மனத்தோடும், கடைசிப் பங்குக்கு முக்கால் மனத்தோடும். பயத்தை நீங்கள் காட்டில் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அங்கேதான் தேடினேன். முடிந்தால் படகுத்துறைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை, ஒலியை நிறுத்திவிட்டு, முன்னால் நின்று கொண்டாடுபவர்களை விட்டுப் பின்னாலுள்ள திரைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தங்கை இப்போது ‘ஸ்க்ரீம்’ பார்க்க வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவு பார்க்கப்போகிறோம். அந்த வேன் வரும்போது, 30 விநாடியைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.